பதினொரு கேன்

பேக்கர்ஸ் ஆட்கள் மூவர் வந்தார்கள்.
கட்டிலைத் தூக்கினார்கள், பீரோவைத் தூக்கினார்கள்.
மூலையில் நின்றதைத் தட்டிப் பார்த்தார்கள்
தர்பூசணி வாங்குகிறவர்கள் மாதிரி.
"இது லிஸ்டில் இல்லை மேடம்"
என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

இல்லைதான்.
இரும்பு அலமாரி ஒன்று என்றுதான் எழுதியிருந்தேன்.
துப்பாக்கிப் பெட்டகம் என்று எழுதினால்
யார் வருவார்கள்?

மாலை ஆறு மணி.
லிங்கராஜபுரம், மூன்றாவது மாடி.
ஒன்பதுக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்.
புனேயிலிருந்து ரெஜினா போனில் கத்துகிறாள்,
"விட்டுட்டு வாம்மா, காலிப் பெட்டிதானே!"

காலிதான்.
அமலதாஸ் போன மறுவாரமே
இரட்டைக்குழலை பாணசவாடி ஸ்டேஷனில் ஒப்படைத்து
ரசீது வாங்கியாயிற்று.
உள்ளே இப்போது எண்ணெய் வாடையும்
துடைக்கிற பனியன் துணியும்.

அப்போதுதான் தண்ணீர் கேனோடு வந்தான் ஈரண்ணா.
வீடு மாறுகிறோம், இனி வேண்டாம் என்றேன்.
தோளிலிருந்து இறக்காமலே
மூலையைப் பார்த்தான்.
"எத்தனை கேன் இருக்கும் அக்கா?"
இருநூற்று இருபது கிலோ.
உதடு அசைய வகுத்தான்.
"பதினொண்ணு."
கேனை இறக்கினான்.

பிளம்பர் மறந்துவிட்டுப் போன குழாய் மூன்று,
வாட்ச்மேனின் கடப்பாரை,
பாதி தேய்ந்த துணி சோப்பு,
அவன், நான்.
அவன் ஒரு விரற்கடை நெம்ப
நான் குழாயைச் செருக வேண்டும்,
விரலைச் செருகாமல்.
பிறகு தள்ளல்.
பின்னால் கழலும் குழாயை எடுத்து
முன்னால் ஓடி வைப்பது என் வேலை.
மறுபடி கழலும்.
மறுபடி ஓடு.
ஹாலைக் கடக்க முப்பத்தாறு ஓட்டம்;
வேறெதையும் எண்ணாமலிருக்க
அதை எண்ணினேன்.

அது நின்ற இடத்தில் மட்டும்
டைல்ஸ் பதித்த நாளின் வெள்ளை.

லிஃப்டுக்குள் ஒரு தகடு:
ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ.
பெட்டகம், ஈரண்ணா, நான் போக
மிச்சம் எழுபது.
அமலதாஸ் எழுபத்தொன்று.
ஒரு கிலோவுக்காக
அவரைப் படியில் வரச் சொல்லியிருப்பேன்.

கீழே போன லிஃப்ட்
தரைக்கு ஓர் அங்குலம் தாழ்ந்து நின்றது.
மூன்று மாடி இறங்க ஒரு நிமிடம்.
அந்த ஓர் அங்குலம் ஏற ஐம்பது நிமிடம்.
கதவு மூட வரும், காலை நீட்டுவேன்.
மேலே யாரோ பொத்தானை அழுத்தி அழுத்தி
கன்னடத்தில் திட்டி, போதாமல்
இந்தியிலும் திட்டினார்கள்.
ஈரண்ணாவுக்குச் சிரிப்பு வந்தது, கடப்பாரை வழுக்கியது.
சிரிக்காதே சிரிக்காதே என்று அதட்டி
நான்தான் முதலில் தரையில் உட்கார்ந்தேன்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

வாட்ச்மேனிடம் சாவியை எறிந்துவிட்டு
நாலு தெரு தள்ளிப் புது வீடு.
முன்சக்கரம் தரையில் படாத மாதிரியே
போனது அவனுடைய கேன் ஆட்டோ.
போலீஸ்காரர் கை காட்டினார்.
"ஃப்ரிட்ஜ் சார்" என்றான்.

எதற்கு இத்தனை பாடு என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
லைசென்சை என் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பணவண்டிக் கம்பெனியில்
பெண்களையும் எடுக்கிறார்களாம்,
துப்பாக்கி சொந்தமாக இருந்தால்.
வியாழக்கிழமை எஸ்.ஐ. வருவார்,
பெட்டகம் இருக்கிறதா, பூட்டு விழுகிறதா பார்க்க.
ரெஜினாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பத்தே காலுக்குக் கடைசிக் குழாயை உருவினோம்.
சுவரோடு ஒட்டி, அசையாமல்,
கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை மாதிரி நின்றது.
ஈரண்ணா முகம் துடைத்தபடி பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
கைப்பிடி இல்லை.
சாவித்துளை இல்லை.
கதவு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ஆட்டோவிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்து
மூடியைக் கிழித்தான்.
டம்ளர் எந்த மூட்டையிலோ.
ஒருவர் சாய்க்க ஒருவர் கையேந்திக் குடித்தோம்,
பெட்டகத்தின் முதுகில் எங்கள் முதுகு.

"அரைச் சுத்துதானே அக்கா," என்றான்.
"நாளைக்குக் கேன் போட வருவேன் இல்ல?"